ஆறியதும் இறுகிய பெடல்

நான் ஒரு மனிதரின் முழங்காலை உடைத்தவன். அதை விபத்து என்று சொல்லித் தப்ப இடமிருக்கிறது. ஆனால் அன்று மாலையே, அவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது, மத்தியானம் அவர் வைன் குடித்திருந்தார் என்று சொன்னேன். அதற்கு விபத்து என்று பெயர் வைக்க முடியாது.

அவர் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு இராணுவத்தில் வாகனம் திருத்தும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். மனைவியோடு பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான பொண்டியில் சிறிய வீடொன்றில் இருந்தார். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் படிப்பித்துவிட்டு, எண்பத்துமூன்றுக்குப் பிறகு ஓடி வந்தவன். தலைநகரில் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஓர் அறையில் எங்களூர்ப் பொடியங்களோடு நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அந்தத் தெருவில் ஒரு மளிகைக் கடை வான் வண்டியின் பொனட்டைத் திறந்து வைத்து நான் மல்லுக்கட்டுவதைக் கண்டு நின்றார்.

"என்ன வேலை பாத்தீங்க ஊர்ல?"

"படிப்பிச்சனான் அண்ணை."

"அதான பாத்தேன். ஸ்பேனர சாக்பீஸ் மாதிரி புடிக்கிறீங்க" என்று சிரித்தார். அன்றிலிருந்து நான் அவருக்கு வாத்தியார். அடுத்த கிழமையே தான் வேலை செய்யும் கராஜுக்கு என்னைக் கூட்டிப்போய், "என் தம்பி மாதிரி" என்று முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். முதலாளியை எல்லாரும் பத்ரோன் என்றே அழைத்தோம்.

லா ஷப்பலில் மெத்ரோ தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடும். அதன் பின்பக்கத்து முற்றமொன்றில் கராஜ் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் சுவரில் தொங்கிய சாவிகள் கிலுகிலுக்கும். பத்ரோனுக்குப் பிரித்தானியத் திறந்த கார்களின் மேல் பைத்தியம். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, வலதுபக்கம் ஸ்டியரிங். நான் வளர்ந்த ஊரின் தெருக்களில் ஓடியவையும் பழைய பிரித்தானியக் கார்கள்தான். அவற்றின் குடல் எனக்குத் தெரியும். அந்தத் துணிச்சல்தான் என்னைக் கெடுத்தது.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது.

அந்த வகைக் கார்களை முதலில் கம்பியும் கயிறும்தான் நிறுத்தின. பெடலை மிதித்தால் கயிறு இழுக்கும், சில்லு நிற்கும். நான்கு சில்லும் ஒரே அளவில் நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு எண்ணெய் வந்தது. மெல்லிய குழாய்களில் அடைபட்ட எண்ணெய் காலின் அழுத்தத்தை நான்கு சில்லுக்கும் சமமாகக் கொண்டுபோனது. சில்லுக்குள் ஒரு டிரம், அதற்குள் இரண்டு கட்டைகள் விரிந்து உரசும். ஆனால் உரசும் சூடு டிரம்முக்குள்ளேயே அடைபடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் களைத்துப்போகும். ஐம்பதுகளில் பந்தயக் கார்களுக்கு டிஸ்க் பிரேக் வந்து, பிறகு தெருவில் ஓடும் கார்களின் முன் சில்லுகளுக்கும் இறங்கியது. காற்றில் சுழலும் வெறும் தகடு, அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கட்டைகள். தகடு சீக்கிரம் ஆறும், களைக்காது. ஆனால் அந்தக் கட்டைகளுக்கு நேர் பின்னால் எண்ணெய் இருக்கிறது. சூடு எண்ணெயைத் தேடிப் போகும். அதோடு, பழைய கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே எண்ணெய் வழிதான். ஓரிடத்தில் கோளாறு என்றால் எல்லாமே போச்சு. முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று வழியை இரண்டாகப் பிரித்தது பின்னாளில்தான்.

எங்களிடம் வந்த கார் டிரம் காலத்தது. மெனில்மொந்தான் மேட்டில் குடியிருந்த அதன் சொந்தக்காரர், முன் சில்லுகளுக்குப் பிந்திய மாதிரியின் டிஸ்க் பூட்டித் தரச் சொன்னார். பாண்டிச்சேரி அண்ணையும் நானும் அந்தக் கிழமை முழுவதும் அதைப் பூட்டினோம். சனிக்கிழமை மத்தியானம் எண்ணெய் ஊற்றி, குழாய்களில் சிக்கிய காற்றை எடுத்து, ஓட்டிப் பார்த்து, சொந்தக்காரரிடம் கொண்டுபோய் விட வேண்டும்.

அந்தக் கால ரப்பர் வாஷர்களுக்குக் கண்ட எண்ணெய் ஆகாது. ஊதிப்போகும். ஆகையால் பத்ரோன் இங்கிலாந்திலிருந்து தகர டப்பாவில் வரவழைத்த எண்ணெயைத்தான் ஊற்றவிடுவார். ஒரே ஒரு டப்பா மிச்சமிருந்தது. "பத்திரம்" என்று காலையில் என் கையில் தந்துவிட்டுப் போனார். நான் மூடியைக் கழற்றி நிலத்தில் வைத்தேன். திரும்பும்போது என் கால் பட்டது. எண்ணெய் சீமெந்துத் தரையில் ஓடி, முற்றத்துச் சாக்கடைக்குள் இறங்கியது.

அண்ணை கைகழுவப் போயிருந்தார். யாரும் பார்க்கவில்லை. மரத்தூளைக் கொட்டிக் கூட்டினேன். கொட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பத்ரோன் கத்தியிருப்பார், கார் இன்னும் சில நாள் நின்றிருக்கும், அவ்வளவுதான். எனக்கோ அந்த வேலை போனால் எல்லாம் போய்விடும் என்ற பயம்.

அப்போதுதான் ஊர் ஞாபகம் வந்தது. எழுபதுகளில் இறக்குமதி நின்று சாமான் கிடைக்காத காலத்தில், யாழ்ப்பாணத்து வாடகைக் கார்க்காரர் பிரேக் எண்ணெயைத் தாங்களே கலந்தார்கள். ஆமணக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும். ரப்பருக்கு ஒரு தீங்கும் இல்லை. என்னிடமிருந்த பழைய காரே அந்தக் கலவையில்தான் ஓடியது. நான் பூலேவார் பெருவீதியில் இருந்த மருந்துக்கடைக்கு ஓடி ஆமணக்கெண்ணெய் வாங்கினேன். பக்கத்துக் கடையில் எரிசாராயம் வாங்கினேன். இரண்டையும் இங்கிலாந்து டப்பாவுக்குள் ஊற்றிக் குலுக்கினேன்.

யாழ்ப்பாணம் தட்டைத் தரை. எங்கள் கார்களெல்லாம் டிரம் பிரேக், மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தவை. இங்கே டிஸ்க். சாராயம் தண்ணீருக்கு முந்திக் கொதிக்கும் என்பதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவன் நான். குலுக்கும்போதே அது எனக்குத் தெரியும். ஒரு தடவை ஓட்டத்தானே, பிறகு நல்ல எண்ணெய் வந்ததும் காரைத் திருப்பிக் கூப்பிட்டு மாற்றிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டில் பத்ரோன் வழமைபோல வைன் போத்தலை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அண்ணை அரைக் கிளாஸ் ஊற்றிக்கொண்டார்.

"உங்களுக்கும் ஒரு சொட்டு?"

"வேண்டாம் அண்ணை."

"ஐயரு வூட்டுப் புள்ள" என்று கிண்டல் செய்தார். நான் ஐயர் இல்லை. அவருக்கு அதுவும் தெரியும்.

குழாய்க்குள் காற்றோ ஆவியோ இருந்தால் கால் அதைத்தான் அமுக்கும், சில்லு நிற்காது. காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். அவர் காரில் ஏறிப் பெடலை மிதித்தார். நான் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூடினேன்.

"அமுக்குங்கோ."

"அமுக்கினேன்."

"பிடியுங்கோ... விடுங்கோ."

சட்டென்று மூக்கை உறிஞ்சினார். "என்ன வாத்தியாரே, பேதிக்குக் குடுக்கிற எண்ண வாசன வருது?"

என் கை நின்றுவிட்டது. "இங்கிலாந்து ஒயில் அண்ணை. அதிலையும் ஆமணக்கெண்ணெய்தான்."

அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"இங்கிலீஷ்காரன் காருக்கும் வயித்தால போவணும்போல" என்று சிரித்தபடி மிதித்தார். பெடல் கல்லுப்போல் இறுகியது. "பிரமாதம்" என்றார். "வாங்க, நீங்களும் குந்துங்க."

மறுக்க எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. இடதுபக்க இருக்கையில் ஏறினேன்.

புதுப் பிரேக் கட்டைகள் தகட்டோடு படிய வேண்டும். அதற்கு வேகமாகப் போய்ப் பலமாக மிதித்து நிறுத்த வேண்டும். திரும்பத் திரும்ப. வில்லெத் பக்கத்தில் ஆளில்லாத கிடங்குத் தெரு ஒன்றில் அவர் அதைத் தொடங்கினார். கார் உறுமிக்கொண்டு போகும், மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அவர் பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டார். எனக்கோ ஒவ்வொன்றும் அடுப்புக்கு இன்னொரு விறகு.

"போதும் அண்ணை" என்றேன்.

"இன்னும் ரெண்டு. இந்த டிஸ்க்க முந்தியே கண்டுபுடிச்சிருந்தா எத்தன பேரு பொழச்சிருப்பான்!"

மெனில்மொந்தான் மேட்டில் ஏறினோம். ஏற்றத்தில் பிரேக் தேவையில்லை. கொஞ்சம் ஆறும் என்று நினைத்து மூச்சுவிட்டேன். உச்சிக்குக் கிட்ட, சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அண்ணை இறங்கிப்போய் மணியடித்தார்.

காற்றில்லாமல் நிற்கும் காரில்தான் தகட்டின் சூடு எண்ணெய்க்குள் ஏறும். நான் குனிந்து, அவருடைய பெடலைக் கையால் அமுக்கினேன். கல்லாயிருந்தது இப்போது பஞ்சாயிருந்தது.

அவர் திரும்பி வந்தார். "ஆளக் காணோம். சாப்புடப் போயிருப்பாரு. கராஜுக்கே எறங்கிடுவோம்."

"அண்ணை, கொஞ்சம் பொறுத்துப் போவம்."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் என் வாய்க்குள் முழுதாக இருந்தது. எண்ணெய் நான் கலந்தது, இறங்காதேயுங்கோ. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"சும்மா... நடந்து போவமே."

"நடக்கவா? அப்ப இந்தக் காரு எதுக்கு வாத்தியாரே, தலையில வெச்சுக்கவா?" என்று சாவியைத் திருப்பினார்.

முதல் வளைவில் பெடல் பாதிவரை இறங்கியது. அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. "கொஞ்சம் எறங்குதே" என்றார். மறுபடி மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை.

அந்த வளைவுக்கு அப்பால் இறக்கம் நேராகக் கீழே போகிறது. சனிக்கிழமைச் சந்தைக்கூட்டம் அடிவாரத்துத் தெருச்சந்தியில் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. கியரைக் குறைத்தார், எஞ்சின் அலறியது. அதே கையால் ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். அது எண்ணெயில் ஓடுவதல்ல, கயிற்றில் ஓடுவது. அந்தப் பழங்காலத்துக் கயிறு பின் சில்லுகளைப் பிடித்து எங்கள் வேகத்தைப் பாதியாக்கியது. பாதி போதவில்லை. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு ஒரு பெண் தெருவில் இறங்கினாள். அவர் ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தார்.

வலதுபக்கம் அவருடைய பக்கம். சுவர் அவரை இடித்தது. எனக்குக் கையில் ஒரு கீறல்.

தீயணைப்புப் படையினர் அவரை இழுத்தெடுத்துக் கொண்டுபோனார்கள். போகும்போது, "வண்டியில இருந்த புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

பத்ரோன் வந்து சேர நேரமாயிற்று. வந்தவர் உடைந்த காருக்குள் கையை விட்டுப் பெடலை அமுக்கினார். கல்லுப்போல் இறுகியிருந்தது. கொதித்த சாராயம் ஆறி மறுபடி எண்ணெயோடு எண்ணெயாகிவிட்டது. தடயம் தானாகவே அழிந்துபோனது.

"பிரேக் நன்றாக இருக்கிறதே" என்றார். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரும் அமுக்கிப் பார்த்தார். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன நடந்தது?"

என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. பொலிஸில் என் பெயர் ஏறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினேன். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்குள் இருந்ததைச் சொல்கிறேன்.

"அவர் பெடலை மிதிக்கவில்லைபோல" என்றேன். அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மத்தியானம் வைன் குடித்தார்" என்றேன்.

அந்த வைன் பத்ரோனுடையது. அவரும் தினமும் குடிப்பவர்தான். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. காரணம் கிடைத்துவிட்டது, அது தன் கராஜின் தவறு அல்ல. பாண்டிச்சேரிக்காரர்கள் குடிப்பார்கள் என்று எங்கள் அறையில் பொடியங்கள் இளக்காரமாகச் சொல்வதுண்டு. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பிலிருந்துதான் அன்று என் வாய்க்கு அந்த வார்த்தை வந்தது.

அவர் வேலை போனது. உடைந்த காரின் எண்ணெயை வடித்து நல்ல எண்ணெய் ஊற்றியவன் நான்தான். பிறகு அவருடைய வேலை மேசையும் என்னிடம் வந்தது. ஒருமுறை மருத்துவமனைக்குப் போனேன். "பெடல் கீழ போச்சு வாத்தியாரே, நீங்க பாத்தீங்கல்ல?" என்று கேட்டார். "நான் றோட்டைப் பாத்துக்கொண்டிருந்தனான் அண்ணை" என்றேன். அதற்குப் பிறகு போகவில்லை.

சில வருடங்கள் கழிந்தன. எனக்கு அகதி அட்டை கிடைத்தது. ஒருநாள் ரூ பெர்தொனேயில் ஒரு கடையில் மீன் வாங்க நின்றபோது, அவர் மனைவி என்னைக் கண்டுகொண்டார்.

"காலு நல்லாயிடுச்சுங்க. ஆனா காரத் தொடறதே இல்ல. இந்தக் காலு சொன்ன பேச்சக் கேக்காதுன்றாரு. பெடல மிதிச்சேன்னு நெனச்சு சும்மா தரைய மிதிச்சிருக்கேன்னு பாதிரியார்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனமே பண்ணிட்டாரு. நானும் எத்தன நாளு அந்த அரைக் கிளாஸ சொல்லிக் காட்டியிருப்பேன்..."

நான் மீனை வாங்காமல் வெளியே வந்தேன். என் பொய்யை அவர் நம்பியிருப்பார் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் என்னைத் திட்டிக்கொண்டு எங்கோ இருக்கிறார் என்றுதான் எண்ணியிருந்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு பொண்டிக்குப் போனேன். பையில் ஆமணக்கெண்ணெயும் எரிசாராயமும் கொண்டுபோனேன். அவர் குசினி மேசையில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். எழும்பிக் கைகொடுத்தார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டியது, கலந்தது, மேட்டில் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தது, வைன்.

அவர் தலையை ஆட்டினார். "என்னைய சமாதானப்படுத்தறீங்க வாத்தியாரே. பெரிய மனசு. ஆனா அந்தப் பெடல பத்ரோன் அமுக்கிப் பாத்திருக்காரு, பொலிஸ் பாத்திருக்கான், இன்ஷூரன்ஸ் ஆளு பாத்திருக்கான். கல்லாட்டம் இருந்திருக்கு."

"ஆறினாப் பிறகு அப்பிடித்தான் இருக்கும் அண்ணை."

நம்பவில்லை. நான் வெற்றுக் கடுகுப் போத்தல் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். இரண்டையும் அதற்குள் ஊற்றிக் கலந்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, கதவைத் திறந்துவிட்டு, போத்தலை அந்தச் சுடுநீருக்குள் வைத்தேன். மூவரும் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு குமிழ் கிளம்பியது. அடுத்தடுத்து வந்தன. போத்தல் முழுக்கக் குமிழ்.

"இதை மிதிச்சா கால் எங்கை போகும் அண்ணை?"

நான் போத்தலை வெளியே எடுத்து வைத்தேன். குமிழ்கள் குறைந்து நின்றன. எண்ணெய் ஒன்றும் நடக்காததுபோல் தெளிவாக இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது காலை மேசைக்குக் கீழே மெல்ல நீட்டி, தரையில் ஊன்றி, அழுத்தினார். அவர் மனைவி கதிரையில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

"எண்ணெய ஊத்துனீங்க, சரி" என்றார் கடைசியில். "பயந்தவன் என்ன வேணா பண்ணுவான். பக்கத்துல குந்திக்கினு வந்தீங்க, அதுவும் சரி, நீங்களும்தான செத்திருப்பீங்க. அந்த வைனு... உங்களுக்கும் ஒரு சொட்டு ஊத்தட்டுமான்னு கேட்டனே."

அவர் போத்தலை என் பக்கம் தள்ளினார்.

"போய் பத்ரோன்கிட்ட சொல்லுங்க. அப்புறம் இங்க வராதீங்க."

திங்கட்கிழமை பத்ரோனிடம் சொன்னேன். அவர் "பழைய கதை" என்றார். "இப்போது அவரைக் கூப்பிட்டு நான் என்ன சொல்வது? உன்னை நம்பினேன் என்றா?" பிறகு என் வேலை உடுப்பை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். போனேன். அன்று மாலை அவர் பொண்டிக்குத் தொலைபேசியில் பேசினார் என்றும், வேலைக்குத் திரும்பி வரக் கேட்டார் என்றும், அண்ணை மறுத்துவிட்டார் என்றும் பின்னர் கேள்விப்பட்டேன். எனக்கு லா கூர்னெவில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிற வேலை கிடைத்தது.

அதற்கடுத்த மாரிகாலத்தில் ஒருநாள், லா ஷப்பல் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே தெருவைக் கடந்துகொண்டிருந்தேன். மழை. வெள்ளைக் கோடுகளின் நடுவில் நான் நிற்க, ஒரு சிறிய கார் வேகமாக வந்தது. சில்லுகள் ஈரத்தில் ஒரு சத்தமும் போடாமல் பிடித்துக்கொள்ள, என் முழங்காலுக்குச் சற்று முன்னால் கார் நின்றது.

ஸ்டியரிங்கில் அவர் இருந்தார். பக்கத்தில் மனைவி. துடைப்பான் போய் வர, கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தும் மறைந்தும் கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினார். வாத்தியாரே என்று கூப்பிடுவார் என்று நின்றேன்.

"போங்க, மிஸியே" என்றார், முன்பின் தெரியாத ஒருவரைப் பிரெஞ்சில் ஐயா என்று கூப்பிடுவதுபோல.

கடந்து போனேன்.